விளையும் பயிர் முளையிலே தெரியுமா?
(செம்மறியின் எடையும் மரபும்)

இரண்டாம் ஆண்டு பி.எஸ்.சி., விலங்கியல்

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்பது நம் முன்னோர் வாக்கு. “தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை” என்பது மற்றொன்று. இவ்விரு பழமொழிகளும் செம்மறி ஆட்டின் எடைக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நான் விலங்கியல் மாணவன். அத்துடன், தொப்பம்பட்டி வட்டாரத்தில் ஆடு வளர்க்கும் ஒரு குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள். பழனிக்கு வடக்கே தாராபுரம் சாலைப் பக்கமுள்ள எங்கள் பகுதியில் மழை குறைவு. வெள்ளாமை பொய்த்த ஆண்டில் வீட்டைக் காப்பது பட்டியில் நிற்கும் ஆடுதான். ஆட்டை உருப்படிக் கணக்கில் விலை பேசினாலும், வியாபாரி இடுப்பைப் பிடித்துப் பார்த்து மனத்துக்குள் போடுவது கிலோக் கணக்கே. ஆகவே எடை என்பது எங்களுக்குப் பாடம் மட்டுமன்று, பிழைப்பும் ஆகும்.

பல மரபணுக்களின் கூட்டு

1866-இல் வெளியான மெண்டலின் பட்டாணி ஆய்வை நாம் முதலாண்டிலேயே படித்தோம். செடி ஒன்று நெட்டையாக இருக்கும், அல்லது குட்டையாக இருக்கும், இடைநிலை இல்லை. ஆட்டின் எடை அவ்வாறு இரு கூறாகப் பிரிவதில்லை. ஒரு மந்தையை நிறுத்துப் பார்த்தால் 15, 16, 17 கிலோ எனத் தொடர்ச்சியாக ஏறிச் செல்லும். நடுத்தர எடையுள்ளவை மிகுதியாகவும், மிகக் கனத்தவையும் மிக மெலிந்தவையும் சிலவாகவும் இருக்கும். காரணம், எடையை ஒரே ஜீன் நிர்ணயிப்பதில்லை. பற்பல ஜீன்கள் ஒவ்வொன்றும் சிறு சிறு அளவில் பங்கு தருகின்றன. இத்தகைய பண்புகளும் மெண்டலின் விதிகளுக்கு உட்பட்டவையே என்பதை 1918-இல் ஆர். ஏ. ஃபிஷர் கணித வழியில் நிறுவினார்.

தாயின் இரட்டைப் பங்கு

குட்டிக்குத் தந்தையும் தாயும் பாதிப் பாதி மரபணுக்களைத் தருகின்றன. தாய் அதற்கு மேலும் இரண்டு தருகிறது: கருப்பை இடமும் மடிப் பாலும். இதனைத் தெளிவாகக் காட்டியது, இங்கிலாந்தில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இருவர் குதிரைகளில் நடத்தி 1938-இல் வெளியிட்ட ஆய்வு. பேருருவ ஷயர் இனத்தையும் குள்ளமான ஷெட்லாண்டு இனத்தையும் இரு விதமாகவும் இணை சேர்த்தனர். பிறந்த குட்டிகள் அனைத்திலும் இரு இனத்து மரபும் பாதிப் பாதியே. ஆயினும் ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெட்லாண்டு தாய்க்குப் பிறந்த குட்டியைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எடையுடன் இருந்தது. பெரிய தாயின் வயிற்றில் இடமும் உணவும் மிகுதி அல்லவா!

செம்மறியிலும் இதே நியதிதான். பிறந்த அன்று காணும் எடையில் தாயின் உடல்நிலையும், மூன்றாம் மாத எடையில் தாயின் பாலும் பெரிதும் கலந்துள்ளன. குட்டி தானே மேய்ந்து வளர வளரத் தாயின் கைங்கரியம் குறைந்து, அதன் சொந்த மரபு மேலோங்குகிறது. முளையிலே ஓரளவு தெரியும், ஆனால் முழுவதும் தெரியாது என்பதே அறிவியல் தரும் விடை. ஆதலால் பொலிகிடாயைப் பிறந்த எடை கொண்டு மட்டும் தேர்ந்தெடுக்காமல், ஆறு மாதம், ஓராண்டு எடைகளையும் பார்ப்பது நலம்.

மரபு வழிப் பங்கு

ஒரே மந்தையில் ஆட்டுக்கு ஆடு காணும் எடை வேறுபாட்டில் எவ்வளவு மரபினால் வந்தது என்பதை ஹெரிடபிலிட்டி, அதாவது மரபு வழிப் பங்கு என்பர். செம்மறியின் பிறப்பு எடைக்கும் பால்குடி மறக்கும் கால எடைக்கும் இது பெரும்பாலும் 10 முதல் 30 விழுக்காடு வரை எனப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. மீதமெல்லாம் தீனி, மழை, நோய், தாயின் வயது போன்றவற்றால் வருவது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. மந்தையின் ஓராண்டுச் சராசரி 18 கிலோ. மரபு வழிப் பங்கு 25 விழுக்காடு. அதே மந்தையில் வளர்ந்த 22 கிலோக் கிடாயைப் பொலிக்கு விடுகிறோம். பெட்டைகளில் தேர்வு ஏதும் இல்லை. கிடாயின் மிகுதி 4 கிலோ. குட்டிக்குத் தந்தை வழி பாதிதான் என்பதால் 2 கிலோ. அதில் கால் பங்கு அரைக் கிலோ. ஆக, அடுத்த தலைமுறைக் குட்டிகள் சராசரியாக 500 கிராம் கூடுதலாக இருக்கும். 22 கிலோக் கிடாய்க்கு விட்டு 16 கிலோக் கிடாயை விட்டால்? குறை 2 கிலோ. பாதி 1 கிலோ. கால் பங்கு 250 கிராம். குட்டிக்கு 250 கிராம் குறையும். இரு கிடாய்களுக்கும் இடையே வேறுபாடு குட்டிக்கு 750 கிராம். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 25 குட்டிகளுக்கு 18¾ கிலோ ஆகிறது. முழுதாக ஓர் ஆட்டின் எடை!

பட்டியில் நடப்பது

இங்குதான் எங்கள் ஊர் வழக்கத்தைக் குறிப்பிட வேண்டும். பெட்டைக் குட்டிகளைப் பெருக்கத்துக்கு வைத்துக்கொண்டு கிடாய்க் குட்டிகளை விற்பது முறை. பண முடை வந்ததும் முதலில் போவது நன்றாக வளர்ந்த குட்டி, ஏனெனில் அதற்குத்தான் விலை உண்டு. எங்கள் அப்பாரு சொல்வார்: “நல்ல கிடாயி நாலு காசுக்குப் போயிருது கண்ணு, நோஞ்சாந்தான் பட்டியில நிக்குது.” எங்கள் அப்பாரு பள்ளிக்கூடம் போனதில்லை. ஆயினும் தலைகீழ்த் தேர்வு என்று நாம் ஏட்டில் எழுதக்கூடியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். விற்காமல் எஞ்சிய கிடாயே அந்த ஆண்டு முழு மந்தைக்கும் தகப்பனாகிறது. என் கல்லூரிக் கட்டணமும் அவ்வாறு விற்ற கிடாய்களின் பணம்தான். எனவே, விற்காதீர்கள் என்று ஏழைச் சம்சாரிக்கு உபதேசம் செய்ய நான் துணியேன். விற்கவும் வேண்டும், மரபும் கெடக்கூடாது. இதற்கு வழி என்ன?

வழிகள்

முதலாவது, நிறுத்துக் குறித்து வைத்தல். ஒரு ஸ்பிரிங் தராசும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். ஒற்றைக் குட்டியை ஒற்றைக் குட்டியுடனும், இரட்டையை இரட்டையுடனும், மழைக்குப்பின் பிறந்ததை அதே காலத்தில் பிறந்ததுடனுமே ஒப்பிட வேண்டும். வறட்சியில் இரட்டையாகப் பிறந்த குட்டி எடை குறைந்திருந்தால் அதன் மரபைப் பழிப்பது நீதியாகாது. ஏற்ற தீனி கிடைக்காதவரை எந்த மரபும் தன் முழு அளவைக் காட்டுவதில்லை.

இரண்டாவது, நல்ல கிடாயைப் பொதுவில் வைத்தல். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல் என்னும் விவசாயி, தம் சிறந்த கிடாய்களைப் பருவத்துக்கு வாடகைக்கு விட்டார். அவற்றின் குட்டிகளைப் பிறர் மந்தைகளில் கண்டு, எந்தக் கிடாய் சிறந்தது என அறிந்தார். நம் ஊரிலும் ஐந்தாறு பட்டிக்காரர்கள் கூடி, தேறிய கிடாய் ஒன்றைச் சந்தைக்கு அனுப்பாமல் பங்குப் பணம் போட்டு நிறுத்தலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பட்டிக்குப் பட்டி மாற்றிக்கொண்டால், தகப்பன் தன் மகள்களையே சேரும் உறவுக் கலப்பும் அதனால் வரும் நலிவும் தவிர்க்கப்படும்.

மூன்றாவது, ஆராய்ச்சி நிலையங்களின் துணை. சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரிச் செம்மறி ஆராய்ச்சி நிலையம் 1978-இல் அமைக்கப்பட்டது. இன்று அது தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின்கீழ் உள்ளது. மயிலம்பாடி என்றும் வழங்கும் மேச்சேரி இனம் இறைச்சிக்கும் தரமான தோலுக்கும் பெயர் பெற்றது. அந்நிலையம் எடைக் குறிப்புகளைப் பேணி இனத்தை மேம்படுத்தி வருகிறது. அங்கு நடப்பதன் சிறு வடிவமே நான் கூறும் தராசும் நோட்டும்.

முடிவாக ஒன்று. தீனியும் மருந்தும் இந்த ஆண்டு ஆட்டை வளர்க்கும். தேர்ந்தெடுத்த கிடாய் வருகிற ஆண்டுகளின் ஆட்டையெல்லாம் வளர்க்கும். நம் கல்லூரியில் பெரும்பாலோர் ஆடு மாடு கட்டியிருக்கும் வீடுகளிலிருந்தே வருகிறோம். அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது மண்வெட்டியுடன் ஒரு ஸ்பிரிங் தராசையும் எடுத்துச் செல்வோம். பட்டி பட்டியாகக் குட்டிகளை நிறுத்து எழுதிக் கொடுப்போம். எந்தக் கிடாயை விற்பது, எதை நிறுத்துவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பேராசிரியர்கள் இதற்கு வழிகாட்ட வேண்டும் என்பதே என் அவா.