அதே தாம்பாளம், அதே அரிசி

அன்புள்ள தங்கைக்கு,

கோடம்பாக்கத்தில் மழலையர் வகுப்பு ஒன்றை ஏற்கப் போகிறாய். சேர்ந்த சில வாரங்களிலேயே, "இந்த வருஷம் புதுசா என்ன செய்யப் போறீங்க, டீச்சர்?" என்று நிர்வாகமும் கேட்கும், பெற்றோரும் கேட்பார்கள். புதிதாக எதுவும் வேண்டாம் என்பதே என் யோசனை. விஜயதசமிக்கு முதல் எழுத்து, தை பிறந்தால் பொங்கல் பானை, பிறந்தநாளுக்கு ஒரு சிறு கொண்டாட்டம், ஒன்றாம் வகுப்புக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழியனுப்பு. இந்த நாலு போதும். அவற்றை ஆண்டுதோறும் அதே இடத்தில், அதே பாத்திரங்களை வைத்து, அதே முறையில் செய். சடங்கு மாறாமல் இருக்கட்டும். அதில் பிள்ளையின் இடம் மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறட்டும். போன வருஷம் நீ விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்த பிள்ளை, இந்த வருஷம் சின்னவர்களுக்காகத் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பட்டும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நாட்காட்டி கிடையாது. 'நேத்து' என்று சொல்லிவிட்டு ஆறு மாதத்துக்கு முந்தைய தீபாவளியைப் பற்றிப் பேசும். ஒரு வருஷம் எவ்வளவு நீளம் என்பதை அது உணர்வதற்கு, போய்விட்டுத் திரும்பி வரும் ஒரு நாள் தேவைப்படுகிறது. இஸ்ரேலில் கிளாவிர், லைசர் என்ற இருவர் 2002இலும், டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் வூலியும் அவருடன் பணியாற்றியவரும் 2017இலும் வெளியிட்ட ஆய்வுகளைப் பார். சிறு பிள்ளைகள் பலர், பிறந்தநாள் கொண்டாடுவதால்தான் வயது ஏறுகிறது என்று நம்புகிறார்கள். கொண்டாடாவிட்டால் ஏறாது என்றும் நினைக்கிறார்கள். இதை மழலைப் பேச்சு என்று தள்ளிவிடாதே. கண்ணுக்குத் தெரியாத காலத்தை, கண்ணுக்குத் தெரியும் ஒரு சடங்கில் பிள்ளை கட்டிவைக்கிறது என்பதற்கு இது சான்று. இப்படிக் கட்டிவைக்க உதவும் வழக்கம் ஒன்றும் உண்டு. 1939 நவம்பரில் குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அடையாறு தியசாபிகல் சொசைட்டிக்கு வந்து பயிற்சி வகுப்பு தொடங்கினார். அவர் பெயரில் நடக்கும் பள்ளிகளில் இன்று ஒரு பிறந்தநாள் வழக்கம் உண்டு: நடுவில் சூரியனாக ஒரு விளக்கு, பிள்ளை சிறிய பூமி உருண்டையைக் கையில் ஏந்தி, தன் வயதுக்கு ஒரு சுற்று என்று அதைச் சுற்றி வரும். போன வருஷம் மூன்று சுற்று, இந்த வருஷம் நாலு. கேக்கும் பலூனும் சொல்லித்தராத ஒன்றை அந்த ஒரு கூடுதல் சுற்று சொல்லித்தருகிறது.

சடங்கைப் பற்றிய ஆய்வு புதிதல்ல. பார்பரா ஃபீஸும் அவர் குழுவினரும் ஐம்பது ஆண்டுகளில் வெளிவந்த 32 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் எழுதினார்கள். அதில் ஒரு பாகுபாடு உனக்குப் பயன்படும். கை கழுவுவதும் சாப்பாட்டுக்கு வரிசையில் உட்காருவதும் அன்றாட வழக்கம். அன்றைய வேலை நடக்க அது வேண்டும். சடங்கோ 'நாம் இப்படிப்பட்டவர்கள்' என்ற உணர்வைத் தருவது. அவை குடும்பங்களைப் பற்றிய ஆய்வுகள். அப்படியே வகுப்பறைக்குக் கொண்டுவர முடியாதுதான். ஆனால் 1975 அக்டோபர் 2இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் நடக்கும் அங்கன்வாடியை நினைத்துப் பார். நம் ஜனங்கள் இன்னும் பால்வாடி என்றே சொல்லும் அந்த ஒற்றை அறையில் இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிறார்கள். டீச்சரும் ஆயாவும் பெரும்பாலும் அதே ஆட்கள். கிட்டத்தட்ட ஒரு குடும்பம் போலத்தான். ஒரு பிள்ளை அங்கே மூன்று விஜயதசமிகளைப் பார்த்துவிடும். முதல் வருஷம் வேடிக்கை, அடுத்த வருஷம் எழுத்து, மூன்றாம் வருஷம் உதவி. கட்டணம் வாங்கும் பள்ளிகள் பிரீகேஜி, எல்கேஜி, யுகேஜி என்று சுவர் எழுப்பி இந்த வாய்ப்பை இழந்துவிட்டன. உன் பள்ளியும் அப்படித்தான் என்றால், அந்த நாலு சடங்குக்காவது கதவுகளைத் திறந்துவிடச் சொல்லிக் கேள்.

மூன்று வயதில் நடந்தது பிற்பாடு நினைவில் நிற்காதே, பிறகு எதற்கு இவ்வளவும் என்று கேட்பார்கள். நிற்காது என்பது பெரும்பாலும் உண்மைதான். ஆனால் அந்த வயதில் ஊட்டிய சோறும்கூட நினைவில் நிற்பதில்லை. அதற்காக யாரும் ஊட்டாமல் இருப்பதில்லை. நாலு வயதுப் பிள்ளை 'போன வருஷம் எனக்கு எழுதத் தெரியாது' என்று தானே உணர்வது, இன்று அதற்குப் பயன்படுகிறது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதை நீ தட்டிக்கழிக்கக் கூடாது. விஜயதசமி ஒரு மதத்தின் நாள். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும் அறையில் அதற்கு என்ன இடம்? முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மதபோதனை கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 28ஆம் பிரிவு. அதன் உணர்வைத் தனியார் பள்ளியும் மதிப்பதே முறை. பூஜை வேண்டுகிறவர்களுக்கு வடபழனி முருகன் கோயில் இருக்கிறது, மகாலிங்கபுரம் ஐயப்பன் கோயில் இருக்கிறது; இரண்டிலும் அன்று வித்யாரம்பம் நடக்கிறது. உன் அறைக்கு உரியது எழுத்து மட்டும். பிள்ளையை முதல் எழுத்தில் உட்காரவைத்துக் கொண்டாடுவது ஒரு மதத்தின் தனிச்சொத்தும் அல்ல. இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் நாலு வயது, நாலு மாதம், நாலு நாள் நிறையும்போது பிஸ்மில்லா சொல்லிப் படிப்பைத் தொடங்கிவைக்கும் வழக்கம் இருக்கிறது. விஜயதசமி என்ற நாள் உறுத்துகிறது என்று ஒரு பெற்றோர் சொன்னாலும், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு முதல் எழுத்தை மாற்றிவிடு. வருஷந்தோறும் ஜூனிலேயே செய். எந்த நாள் என்பதைவிட அது தவறாமல் திரும்பி வருவதுதான் முக்கியம். எந்தப் பிள்ளையையும் ஓரமாக உட்காரவைத்து மட்டும் இதை நடத்தாதே. அப்படி நடத்துவதைவிட நிறுத்திவிடலாம்.

ஆண்டு விழாவை இந்தக் கணக்கில் சேர்க்காதே. சினிமாவோடு வளர்ந்த பேட்டையில் வாடகை உடைக்கும் மேக்கப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் மூன்று வயதுப் பிள்ளையை விளக்கு வெளிச்சத்தில் மணிக்கணக்காகக் காக்கவைப்பது பெரியவர்களின் செல்போனுக்காக நடப்பது. அதற்கு வருகிற செலவில் நூற்றில் ஒரு பங்குகூட ஒரு தாம்பாளத்துக்கும் ஒரு படி அரிசிக்கும் ஆகாது.

அந்தத் தாம்பாளத்தைப் பத்திரமாக எடுத்து வை. அடுத்த வருஷம் அதை வெளியே எடுக்கும்போது, போன முறை அதில் எழுதிய பிள்ளையைக் கூப்பிட்டு அரிசியை அதன் கையில் கொடு.

அன்புடன்,
உன் அக்கா