துரோகம் என்பது எது?

அய்யாவழிக்குப் புதிதாக வந்தவர்கள் தாங்கலில் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கொடைக்குக் கிடா வெட்டப் பணம் தரமாட்டேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். 'குலத்துக்கே துரோகம் செய்துவிட்டான்' என்று அண்ணன்மார் பேசுகிறார்கள். நான் துரோகியா?" கேட்கிறவர் கண் கலங்கித்தான் கேட்கிறார். ஆகவே இந்தச் சொல்லின் பொருளைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

துரோகம் என்பது வடசொல். கேடு செய்தல், கேடு நினைத்தல் என்பது அதன் பொருள். தமிழில் இதற்கு 'இரண்டகம்' என்ற சொல் உண்டு. 'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு அகம், அதாவது இரண்டு மனம். வெளியே ஒரு மனம், உள்ளே வேறு மனம். பகைவன் நமக்குத் தீங்கு செய்யலாம், ஆனால் துரோகம் செய்ய அவனால் முடியாது. நாம் நம்பியவன்தான் துரோகம் செய்ய முடியும். நம்பிக்கை இருந்த இடத்தில் மறைவாகச் செய்யும் கேடே துரோகம்.

செஞ்சிக் கோட்டையின் வரலாறு இதற்கு நல்ல பாடம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய கோட்டை அது. ஔரங்கசீப் காலத்தில் அதன் பொறுப்பு சரூப்சிங் என்பவரிடம் வந்தது. அவருக்குப் பின் அவர் மகன் தேசிங்கு கோட்டையை ஏற்றார். ஆற்காட்டு நவாபு கப்பம் கேட்டார். 'தரமாட்டேன்' என்று தேசிங்கு வெளிப்படையாக மறுத்தார். 1714இல் பெரும்படையை எதிர்த்துச் சிறுபடையோடு போரிட்டு மாண்டார். நவாபின் பக்கம் நின்று பார்த்தால் அது ராஜத்துரோகம். ஆனால் மக்கள் அவரைத் துரோகி என்று நினைக்கவில்லை, கதைப்பாட்டாகப் பாடி வைத்திருக்கிறார்கள். காரணம், அவர் மறைவாக எதையும் செய்யவில்லை.

அந்தப் பாட்டில் அவருடைய தோழர் மகமத்கானும் வருகிறார். அவர் இஸ்லாமியர், நவாபின் மதத்தவர். தம் திருமண வேளையில் போர்ச்செய்தி வர, மணப்பந்தலை விட்டு எழுந்து வந்து நண்பனுக்காகப் போரிட்டு உயிர் கொடுத்தார் என்று பாட்டு சொல்கிறது. மதம் மாறுபட்டாலும் மனம் இரண்டாகவில்லை.

இனி அகிலத்திரட்டுக்கு வருவோம். வரங்கள் பெற்றுப் பூவுலகுக்கு வரும் கலியன் முன் நாராயணர் ஆயுதமில்லாத பண்டாரமாக வந்து நின்றார். பண்டாரத்துக்கும் அவர் மக்களுக்கும் இடைஞ்சல் செய்யமாட்டேன், செய்தால் என் வரமும் படையும் அரசும் அழிந்து நரகம் போவேன் என்று கலியன் சத்தியம் செய்தான். பின்னால் வைகுண்டர் பண்டாரக் கோலத்தில் வந்தபோது, கலிநீசன் அவரைப் பிடித்துச் சிறையில் வைத்தான். கொடுத்த சத்தியத்தை உடைத்தான். கலியை அழிப்பது வேறொருவருடைய ஆயுதம் அல்ல, அவன் செய்த சத்தியத் துரோகமே.

அய்யாவின் நடத்தையைப் பாருங்கள். சிப்பாய்கள் பிடிக்க வந்தபோது, எதிர்க்கவேண்டாம், பொறுத்திருங்கள் என்று மக்களை அடக்கினார். ஒரு சாதியாரோடு மட்டும் இருப்பதாக எழுதிக் கொடுத்தால் விடுதலை என்ற நிபந்தனைக்கும் அவர் இணங்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து தம் போக்கில் நடந்திருக்கலாமே என்று உலக வழக்கம் சொல்லும். அதுதான் இரண்டகம். அய்யா அதைச் செய்யவில்லை.

இப்போது அந்த அன்பரின் கேள்விக்கு வருவோம். நீங்கள் மறைக்கவில்லை. மனதில் உள்ளதை அண்ணன்மார் முகத்துக்கு நேரே சொன்னீர்கள். பலி வேண்டாம் என்பது அய்யா சொன்ன புத்தி. ஆகவே அது துரோகம் அல்ல. ஆனால் கிடாவுக்குப் பணம் மறுத்த கையால் அம்மையின் மருந்துச் செலவுக்கும் பணம் மறுத்தால், தங்கைக்குத் தருவதாகச் சொன்னதைத் தராமல் இருந்தால், அங்கே துரோகம் உண்டு. அண்ணன் கோபப்பட்டாலும் பொறுமையாக இருங்கள். அவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு முதல் ஆளாகப் போய் நில்லுங்கள்.

மாறாக, நெற்றியில் நாமமும் தலையில் தலைப்பாகையும் அணிந்து தாங்கலில் நின்றுவிட்டு, ஊரார் பேச்சுக்குப் பயந்து மறைவில் கிடாவுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறவர் உண்டு. தர்மத்துக்கு வந்த அரிசியில் கை வைக்கிறவரும், அய்யா பேரைச் சொல்லிக் கடன் வாங்கி மறைகிறவரும் உண்டு. துரோகம் என்ற சொல் அங்கேதான் பொருந்தும்.

பதியில் நாம் கண்ணாடி முன் நிற்கிறோம். அதில் தெரிவது ஒரே முகம். அகமும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கே நின்று நம்மை நாமே கேட்போம்.

அய்யா உண்டு.