நேத்ராணியில் முக்குளிக்கப் போகிறீர்களா?

ஸ்கூபா டைவிங் என்றதும் பெங்களூர்க்காரர்கள் அந்தமானுக்கு விமான டிக்கெட் தேடுகிறார்கள். கர்நாடகத்தின் முருடேஸ்வர் கரையிலிருந்து சுமார் 19 கி.மீ. தொலைவில், அரபிக்கடலில் இருக்கும் நேத்ராணி தீவுக்கு ஓர் இரவுப் பேருந்தும் படகும் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம், அப்போது வேண்டாம்.

நீச்சல் தெரியாதவர்களும் பயிற்சியாளர் துணையுடன் இறங்கலாம். முதல்முறை என்றால் 12 மீட்டருக்குள்தான் அழைத்துப் போவார்கள். ஆஸ்துமாவோ இதய நோயோ இருந்தால், காதில் அறுவை சிகிச்சை செய்திருந்தால் மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். சளி பிடித்திருந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, இறங்காதீர்கள். அடைத்த காதுக்குள் நீரின் அழுத்தம் சமன் ஆகாது, செவிப்பறை கிழியக்கூடும். காலையில் இரண்டு இட்லி போதும். வெறும் வயிறும் நிறைந்த வயிறும் படகில் குமட்டும்.

பலரும் கவனிக்காதது திரும்பும் பயணம். ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்து தங்குகிறது. உடனே உயரத்துக்குப் போனால் அது குமிழிகளாகி மூட்டுவலியில் தொடங்கி நரம்புவரை பாதிக்கலாம். முக்குளித்தபின் காத்திருக்கும் விதி விமானத்துக்கு மட்டும்தான் என்று நினைக்கிறோம். பெங்களூரே கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வழியில் மலைத்தொடர் வேறு! ஒருமுறை இறங்கினால் 12 மணி நேரம், பலமுறை இறங்கினால் 18 மணி நேரம் என்பது விமானத்துக்கான குறைந்தபட்ச இடைவெளி. சாலைப் பயணத்துக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு முருடேஸ்வரிலேயே தங்கி, மறுநாள் கிளம்புங்கள்.