ஜெரேனியத்துக்கும் கவாத்து உண்டு!



கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தால், நம் பள்ளிப் படிக்கட்டில் உள்ள ஜெரேனியத் தொட்டிகள் பாவமாக நிற்கின்றன. மே மாதம் முழுக்கப் பூத்துத் தீர்த்துவிட்டு, இப்போது காய்ந்த பூங்கொத்தும் நீண்ட மொட்டைத் தண்டும்தான் மிச்சம். "பிடுங்கிட்டு வேற செடி வெச்சிடலாம்"னு பேச்சு அடிபடுது. தயவுசெய்து வேண்டாம்! இவை செத்த செடிகள் அல்ல. வெட்டிவிட்டால் திரும்பத் தழைக்கும்.

என் மாமா தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுபவர். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலைச் செடியை வெறும் குச்சியாக்கி விடுவார்கள். புதுசா பார்க்கிறவங்களுக்கு வயிறு எரியும். ஆனால் சில மாதத்தில் கிளை கிளையாகக் கொழுந்து வந்துவிடும். காரணம், தாவரவியலில் சொல்லும் 'நுனி ஆதிக்கம்'. தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே இறங்கி, பக்க மொட்டுகளை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன.

அப்படியானால் ஜெரேனியத்தையும் ஒட்ட வெட்டலாமா? அது எந்த ஜெரேனியம் என்பதைப் பொறுத்தது. 1753-ல் லின்னேயஸ் எல்லாவற்றையும் ஜெரேனியம் என்றே எழுதிவிட்டார். 1789-ல் லெரித்தியே என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு கூட்டத்தைப் பெலார்கோனியம் என்று பிரித்தார். முதல் பெயர் கிரேக்க மொழியில் கொக்கையும், இரண்டாவது நாரையையும் குறிக்கும். இரண்டின் காயும் பறவை அலகு போல நீண்டிருக்கும். பெயரைப் பிரித்தும் நம் ஊரில் யாரும் மாற்றிக்கொள்ளவில்லை!

உண்மையான ஜெரேனியம் குளிர் தாங்கும். மண்ணுக்குள் இருக்கும் அடித்தண்டிலிருந்து துளிர்க்கும். அதனால் இங்கிலாந்தில் முதல் பூ முடிந்ததும் மண்ணை ஒட்டி வெட்டிவிடுகிறார்கள். சில வாரத்தில் புது இலை வந்துவிடும். நம் நீலகிரியிலும் ஜெரேனியம் நேபாளென்ஸ் என்று ஒன்று காட்டுச் செடியாக வளர்கிறது. பூ சின்னதுதான்.

ஆனால் நம் தொட்டியில் இருப்பது தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பெலார்கோனியம். அதன் தண்டு தடித்து, சதைப்பற்றாக இருக்கும். இதை மண்ணோடு ஒட்ட வெட்டினால் பிழைப்பது சந்தேகம்.

எனவே செய்ய வேண்டியது இதுதான். காய்ந்த பூங்கொத்தைக் காம்போடு ஒடித்துவிடுங்கள். விதை கட்டப் போகும் சத்து மிச்சம். நீண்ட தண்டைப் பாதி அளவுக்கு, ஒரு கணுவுக்குச் சற்று மேலே, கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். கீழே கொஞ்சம் பச்சை இலை கட்டாயம் இருக்கட்டும். மழை ஊற்றும் நாளில் வெட்ட வேண்டாம், வெட்டுவாய் அழுகும். அதனால்தான் தென்மேற்குப் பருவமழை பலப்படும் முன் முடிக்கணும்னு அவசரப்படுறேன். டிசம்பர், ஜனவரியிலும் கூடாது. இளந்துளிர் உறைபனியில் கருகிவிடும்.

வெட்டிய துண்டையும் வீசாதீர்கள். நாலு விரல் நீளத்துக்கு நறுக்கி, அடி இலைகளைக் கிள்ளி, அரை நாள் நிழலில் உலரவிட்டு, மணல் கலந்த மண்ணில் நட்டால் மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். தண்ணீர் கம்மியா போதும்.

தலைமையாசிரியர் ஐயா அனுமதி கொடுத்தால், மழை இல்லாத ஒரு மதிய இடைவேளையில் எல்லாத் தொட்டியையும் வெட்டிவிடலாம். துண்டு வேண்டுபவர்கள் பழைய பால் கவரில் மண் கொண்டு வரவும். அடியில் ஓட்டை போட மறக்காதீங்க.