தமிழுக்குத் திரும்பும்போது தடுமாறும் நா

கல்லடி

அன்பு மருமகனுக்கு,

அம்பாறைக் கச்சேரிக்குப் போன பிறகு உன் தமிழ் பழுதாகிவிட்டதென்று அம்மா முறைப்பாடு வைத்தாள். கோயில் சடங்குக்கு வந்த இடத்தில் 'சோறு போடட்டா மனே' என்று கேட்டதற்கு, 'ஓம்' என்பதைச் சிங்களத்தில் 'ஒவ்' என்றாயாம். பெரியம்மாவோடு கதைக்கும்போது 'விண்ணப்பம்' என்ற சொல் வாயில் வராமல் முழித்தாயாம். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நீதான் சிரிக்கவில்லை. 'சிங்களமும் முழுசாக வரவில்லை, தமிழும் போகிறது' என்று எனக்கு எழுதியிருக்கிறாய்.

தமிழ் எங்கும் போகவில்லை. நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாகக் காலம் கழித்தவன் சொல்கிறேன். படுவான்கரை விவசாயியின் சாட்சியத்தைச் சிங்களத்தில் சொல்லும்போது மெதுவாக வரும், ஆனால் வந்துவிடும். நீதவானின் அடுத்த கேள்வியை மறுகா தமிழுக்குத் திருப்பும்போதுதான் நா சண்டித்தனம் பண்ணும். தெரிந்த மொழியில் ஏன் நிற்கிறோம் என்பது அந்த நாட்களில் எனக்கு விளங்கவேயில்லை.

ரெனாட்டா மியூட்டர், அலன் ஓல்போர்ட் என்ற இருவர் 1999இல் வெளியிட்ட ஆய்வைப் பின்னால் படித்தபோதுதான் விளங்கியது. திரையில் ஓர் எண் தெரியும்; எந்த மொழியில் அதைச் சொல்லவேண்டும் என்று பின்னணி நிறம் காட்டும். மொழி மாறும் தடவையெல்லாம் பதில் சற்றுப் பிந்தியது. ஆனால் அதிகம் பிந்தியது பலவீனமான மொழிக்குப் போகும்போது அல்ல, பலமான மொழிக்குத் திரும்பும்போது! இதற்கான விளக்கத்தை டேவிட் கிரீன் 1998இலேயே எழுதியிருந்தார். இரு மொழி தெரிந்தவனுக்கு இரண்டும் எந்நேரமும் விழித்தே இருக்கின்றன. ஒன்றைப் பேச மற்றதை அடக்கவேண்டும். முரட்டு மாட்டை இறுக்கிக் கட்டுகிறவனுக்கு அவிழ்க்கவும் நேரமெடுக்கும். பகல் முழுக்க நீ கட்டி வைப்பது உன் தமிழை. அது பலமாக இருப்பதால்தான் முடிச்சு அவ்வளவு இறுக்கம்.

தேர்ச்சி கூடினால் என்ன ஆகும்? 2004இல் அல்பேர்ட் கொஸ்தாவும் மிக்கேல் சாந்தெஸ்தெபானும் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் கேட்டது. கத்தலான் கற்கும் ஸ்பானியரிடமும், ஸ்பானிய மொழி கற்கும் கொரியரிடமும் இதே ஏற்றத்தாழ்வு தெரிந்தது. ஸ்பானியத்திலும் கத்தலானிலும் நன்கு தேர்ந்தவர்களுக்கோ போவதும் வருவதும் ஒரே அளவு நேரம். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி, அவ்வளவு பலமும் இல்லை. தாய்மொழிக்கும் அதற்கும் இடையே மாறும்போதும் அந்தச் சமநிலை குலையவில்லை. பின்வந்த பரிசோதனைகள் எல்லாவற்றிலும் இந்த ஏற்றத்தாழ்வு கிடைத்துவிடவில்லை. ஆகவே இதை வேதவாக்காக எடுக்காதே. என் நாவின் அனுபவம் மட்டும் அதோடு ஒத்துப்போகிறது.

இன்னொன்று. சீனம் பேசி வளர்ந்தவர் யப்பானிய மொழி படிக்கும்போது பல எழுத்துகள் பழகியவையாகவே இருக்கும். மலையைக் குறிக்கும் எழுத்து இரண்டிலும் ஒன்று. சீனர் 'ஷான்' என்பார், யப்பானியர் 'யாமா' என்பார். ஆனால் வசனத்தில் வினை நிற்கும் இடம் வேறு. உன் நிலை நேர்மாறு. சிங்களத்தின் எழுத்து முழுக்க வேறு, வசனக் கட்டு கிட்டத்தட்ட நம்முடையது. வினை கடைசியில்தான் வரும். மனதுக்குள் வசனத்தை ஆங்கிலத்தில் கட்டிவிட்டுச் சிங்களத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் உனக்கு உண்டு. பள்ளிக்கூடம் தந்த பழக்கம் அது, விடு. நேரே தமிழிலிருந்து போ, பாதி வழி மிச்சம்.

இந்தக் கட்டு எவ்வளவு பலமானது என்பதற்குப் போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரைப் பார். போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டியது 1628இல்; 1638இலேயே ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள். பத்து வருட ஆட்சி. மொழியோ நானூறு வருடத்தை நெருங்குகிறது. தச்சு, இரும்பு வேலை, தையல் என்று ஊருக்கு உழைத்தவர்கள் வெளியே தமிழும் வீட்டில் போர்த்துக்கேயமும் பேசினார்கள். 1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் இங்கு வந்து அந்தப் பேச்சை ஆராய்ந்தார். சொற்கள் போர்த்துக்கேயம், ஆனால் வினை கடைசிக்கு நகர்ந்திருந்தது, வேற்றுமை உருபுகள் தமிழில் போலப் பெயருக்குப் பின்னால் நின்றன. தலைமுறை தலைமுறையாக ஒரு நாளில் எத்தனையோ தடவை மொழி மாறியவர்கள், மாறும் பாரத்தைக் குறைக்க ஒரு மொழியின் கட்டையே மாற்றிவிட்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது அவர்களின் இளையவர்கள் பலர் பாட்டி கேட்பதை விளங்கித் தமிழில் பதில் சொல்கிறார்கள். மொழி இப்படித்தான் போகும். சாப்பாட்டு நேரத்தில் 'ஒவ்' என்பதால் போகாது.

இனிச் செய்யவேண்டியது. 2007ஆம் ஆண்டுச் சுற்றறிக்கைக்குப் பிறகு அரச நியமனம் பெற்றவர் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்டவேண்டும் என்பது விதி. அந்தத் தேர்வுக்கு இலக்கணப் புத்தகத்தை மனப்பாடம் செய்கிறாய். செய். ஆனால் உன் வேலை இரு மொழிக்கும் இடையே நடக்கிறது. மாறுவதையே தனியாகப் பழகவேண்டும். யன்னலுக்கு முன்னால் வந்து நிற்பவரின் மொழி தெரிந்ததும் வாயைத் திறக்க அவசரப்படாதே, ஒரு மூச்சு விடு. ஆயத்தப்பட நேரம் கிடைத்தால் இந்தத் தாமதம் குறைகிறது என்பதைப் பரிசோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். நண்பர்களோடு கலந்து கதைப்பதில் குற்றமில்லை. கலந்தால் மொழி கெட்டுவிடும் என்று பிரசங்கம் செய்பவர்கள் அநேகமாக ஒரு மொழிக்காரர்கள். கிழவிக்கு உதவிப்பணப் படிவம் விளக்கும்போது மட்டும் கலக்காதே.

அடுத்த ஞாயிறு வீட்டுக்கு வா. நான் சிங்களத்தில் கேட்பேன், அம்மா தமிழில் கேட்பாள், ஒரே மேசையில் இருவருக்கும் மாறிமாறிப் பதில் சொல்லு. வாய்மொழிப் பரீட்சைத் திகதி வந்துவிட்டதா என்றும் எழுது. பழைய வினாத்தாள்கள் கிடைத்தால் கையோடு கொண்டுவா.

அன்புடன்,
மாமா