கட்டி கூப்பிட்டால் நரம்பு வரும்

புற்றுநோய் என்றால் செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவது என்று நமக்குத் தெரியும். அந்தக் கட்டிக்குப் பக்கத்திலிருக்கும் நரம்புகளைப் பற்றி நாம் அதிகம் யோசிப்பதில்லை. அதனால் அவற்றைப் பற்றிச் சில தவறான எண்ணங்கள் அப்படியே தங்கிவிட்டன.

நம்பிக்கை: கட்டி நரம்பை நசுக்கும், அவ்வளவுதான்.

உண்மை: நசுக்குவதும் உண்டு. நுரையீரலின் உச்சியில் வரும் கட்டி, கைக்குப் போகும் நரம்புகளை அழுத்தித் தோள்வலியைக் கொடுக்கும். ஆனால் பல கட்டிகள் புதிய நரம்பிழைகளை முளைக்கவும் வைக்கின்றன. 1948இல் எல்மர் பூக்கர் என்ற ஆய்வாளர், சுண்டெலியின் சார்கோமா என்ற வகைப் புற்றுக்கட்டித் துண்டைக் கோழிக் கருவில் பதித்துப் பார்த்தார். கருவின் நரம்பிழைகள் அந்தக் கட்டிக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருந்தன.

நம்பிக்கை: கட்டி தொட்டால்தான் நரம்பில் மாற்றம் வரும்.

உண்மை: தொடவே வேண்டியதில்லை. இதைக் காட்டியவர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் வேலை பார்த்த இத்தாலியரான ரீட்டா லெவி-மொன்டால்சினி. அவர் கட்டியைக் கருவின் உடலில் வைக்காமல், முட்டைக்குள் கருவுக்கு வெளியே இருக்கும் சவ்வில் வைத்தார். இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ரத்த ஓட்டம் மட்டும்தான். அப்போதும் கருவின் நரம்புகள் அளவுமீறி வளர்ந்தன. 1952இல் கட்டியுள்ள சுண்டெலிகளை விமானத்தில் ரியோ டி ஜெனிரோவுக்குக் கொண்டுபோனார். அங்கே ஆய்வகக் கண்ணாடித் தட்டில், கோழிக் கருவிலிருந்து எடுத்த நரம்பு முடிச்சு ஒன்றுக்கு அருகில், அதில் படாமல் கட்டித் துண்டை வைத்தார். ஒரு நாளுக்குள் முடிச்சைச் சுற்றி நரம்பிழைகள் ஒளிவட்டம்போல் விரிந்தன. கட்டி ஏதோ ஒன்றைச் சுரந்துதான் நரம்பை வளர்க்கிறது என்பது உறுதியானது. அந்தப் பொருளைப் பிரித்தறிய உதவியவர் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன். நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர் பெற்ற அந்தப் புரதம் உள்ளிட்ட வளர்ச்சிக் காரணிகளைக் கண்டறிந்ததற்காக இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்பிக்கை: நரம்பு வந்தால் நோயாளிக்கு வலி, கட்டிக்கு லாபமில்லை.

உண்மை: லாபம் உண்டு. நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2013இல் புராஸ்டேட் புற்றுநோயை எலிகளில் ஆராய்ந்தார்கள். உறுப்புகளைத் தானாக இயக்கும் நரம்புகளில் பரிவு (சிம்பதெடிக்) வகை கட்டியின் தொடக்க வளர்ச்சிக்கும், எதிர்ப்பரிவு (பாராசிம்பதெடிக்) வகை அது பரவுவதற்கும் துணைபோவது தெரிந்தது. அடுத்த ஆண்டு வேறொரு குழு, எலிகளின் இரைப்பைக்குப் போகும் வேகஸ் நரம்பை வெட்டியபோது அங்கே புற்றுக்கட்டியின் வளர்ச்சி குறைந்தது.

நம்பிக்கை: புற்றுநோய் ரத்தத்திலும் நிணநீரிலும் மட்டுமே பரவும்.

உண்மை: நரம்பைச் சுற்றியுள்ள உறையை ஒட்டியும் ஊர்ந்து போகும். கணையப் புற்றுநோயில் இது மிகச் சாதாரணம். புராஸ்டேட், தலை, கழுத்துப் புற்றுநோய்களிலும் காணப்படும். பயாப்ஸி அறிக்கையில் ‘பெரிநியூரல் இன்வேஷன்’ என்று இருந்தால் இதுதான் பொருள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சு தேவையா என்று முடிவுசெய்யும்போது மருத்துவர்கள் இதையும் கணக்கில் எடுப்பார்கள்.

நம்பிக்கை: வலிக்காத கட்டி ஆபத்தில்லாதது.

உண்மை: கட்டிக்குள் நரம்பிழை வந்துவிட்டாலே வலி வரும் என்றில்லை. மார்பகப் புற்றுநோய்க் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதே இல்லை. வலி வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருப்பதுதான் ஆபத்து.

நம்பிக்கை: நரம்பு கட்டிக்கு உதவுகிறது என்றால், அதை அடக்கும் மருந்து புற்றுநோயைத் தீர்த்துவிடும்.

உண்மை: அந்த நிலை இன்னும் வரவில்லை. நரம்பு வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் மருந்துகள் வலியைக் குறைத்தன; ஆனால் சிலருக்கு மூட்டுகளைச் சிதைத்தன. பரிவு நரம்புகளின் தூண்டலைத் தடுக்கும், பிரஷருக்குக் கொடுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் புற்றுநோயில் பலன் தருமா என்ற ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. அதன் முடிவு தெரியும் முன்பு அவற்றை நாமாக வாங்கிச் சாப்பிட்டால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் இறங்கிவிடலாம். ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலாம்.