எலும்புகள் பேசும்... கேட்கக் கத்துக்கலாமா?

‘‘என்னது... எலும்பைப் பத்தின படிப்பா? அதெல்லாம் நம்ம பொண்ணுக்கு எதுக்கு?''

பிளஸ் டூ முடித்த மகள் ‘தடயவியல் மானுடவியல் படிக்கப் போறேன்' என்றால், புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ பல வீடுகளில் இப்படித்தான் குரல் எழும். பதறாதீங்க! தவிக்கிற குடும்பங்களுக்குப் பதில் தேடித் தருகிற படிப்பு இது.

ஜெகதாப்பட்டினத்திலிருந்து கடலுக்குப் போன ஒருவர் திரும்பவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். உடல் கிடைக்காவிட்டால், அவரை இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ளப் பொதுவாக ஏழு வருடம் தகவலே இல்லாமல் இருக்க வேண்டும். அதுவரை இன்ஷூரன்ஸ், சொத்து மாற்றம் எல்லாமே இழுபறி. காரியம் செய்வதா, காத்திருப்பதா என்றுகூட மனைவிக்குத் தெரியாது. எங்கோ கரை ஒதுங்கிய எலும்புகளை ‘இவருடையதுதான்' என்று உறுதி செய்தால், அந்தக் குடும்பம் அழுதாவது ஆறும்.

எலும்பு என்ன சொல்லும்?

வளர்ந்தவர் உடம்பில் 206 எலும்புகள். இடுப்பெலும்பின் அமைப்பு ஆணா, பெண்ணா என்று காட்டும். தொடை எலும்பின் நீளத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடலாம். குழந்தைகளின் வயதைப் பல் முளைக்கிற வரிசை சொல்லும். காறை எலும்பின் உள்முனை இருபதுகளில்தான் முழுசாக ஒட்டும் என்பதால், இளைஞர்களின் வயதை அதை வைத்து மதிப்பிடுவார்கள். பழைய எலும்பு முறிவும், அடைத்த சொத்தைப் பல்லும் ஆளையே அடையாளம் காட்டிவிடும். அதனால், வீட்டில் இருக்கும் எக்ஸ்ரே, பல் சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீங்க!

மண்டையோட்டின் படத்தையும் ஆளின் போட்டோவையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் பார்க்கும் முறையில் பேர்பெற்றவர், தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த டாக்டர் பி.சந்திரசேகரன். 1991-ல் ராஜீவ்காந்தி கொலை வழக்கில் பெல்ட் வெடிகுண்டு பற்றித் துப்புத் துலக்கியதும் அவர்தான். யாழ்ப்பாணம் செம்மணியில் 2025-ல் தோண்டியபோது, குழந்தைகள் உட்பட 200-க்கும் மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அங்கே தங்கள் பிள்ளை இருக்கிறானா என்று தவிக்கும் பெற்றோருக்குப் பதில் சொல்லவும் இந்த அறிவு வேண்டும்.

எங்கே, எப்படிப் படிக்கலாம்?

நம் நாட்டில் இதற்கென்றே தனி இளநிலைப் பட்டம் அரிது. ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் உண்டு; ஆனால், செலவு அதிகம். இங்கே மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று: பி.எஸ்ஸி. மானுடவியல். டெல்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் இருக்கிறது. ‘கியூட்' நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். மேற்படிப்புக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே மானுடவியல் துறை உண்டு.

இரண்டு: பி.எஸ்ஸி. தடய அறிவியல் அல்லது விலங்கியல் படித்துவிட்டு, முதுநிலையில் இந்தப் பக்கம் திரும்புவது.

மூன்று: எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. தடயவியல் மருத்துவம். பிரேதப் பரிசோதனை செய்வதும், எலும்பை வைத்து வயது சொல்வதும் நம் நாட்டில் பெரும்பாலும் இவர்கள்தான். 2017-ல் தொடங்கிய நம்ம புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறதே!

வேலை கிடைக்குமா?

2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் நேரில் போய்த் தடயம் சேகரிக்க வேண்டும். இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. ஆகவே, ஆட்கள் தேவைப்படுவார்கள். ஆனால், எலும்புக்கென்றே தனிப் பணியிடம் குறைவு. விளம்பரத்தைப் பார்த்து மயங்கிப் பணம் கட்டாதீங்க. பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா, ஆய்வுக்கூடம் இருக்கிறதா, டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளில் அந்தப் பட்டத்தைக் கேட்கிறார்களா... இந்த மூன்றையும் விசாரித்த பிறகே சேருங்கள்.

மனசு தாங்குமா?

பொறுமை, உயிரியலில் ஆர்வம், அளந்து எழுதும் நிதானம் இருந்தால் பழகிவிடும். தூக்கம் கெட்டாலோ, பசி குறைந்தாலோ மனசுக்குள் பூட்டி வைக்காமல் டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள்.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைச் சித்தன்னவாசலுக்குக் கூட்டிப் போங்கள். ஓவியத்தோடு திரும்பிவிடாமல், சுற்றியுள்ள பெருங்கற்கால ஈமச் சின்னங்களையும் பாருங்கள். ‘இங்கே யார் புதைக்கப்பட்டார்கள்?' என்று அவள் கேட்டால், ஆர்வம் நிஜம்தான். அப்புறம் அப்ளிகேஷன் வாங்கலாம்!